உடல் கொழுப்பு: எத்தனை சதவீதம் இருந்தால் சரி?

உடற்பயிற்சிக் கூடத்து எடை மெஷினில் ஏறி நின்றால், எடைக்குக் கீழே 'கொழுப்பு 28%' என்று இன்னொரு எண்ணும் வருகிறது. முப்பது வயதுப் பெண்ணுக்கு அந்த எண் வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே வயது ஆணுக்கு வந்தால் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் பார்த்ததும் இருவரும் ஒரே மாதிரிப் பதறுகிறார்கள். வயிற்றுத் தசை கட்டம் கட்டமாகத் தெரியும் ஏதோ ஒரு புகைப்படத்தின் கீழ் இருக்கும் '10%' என்ற எண்ணை ஆணும் பெண்ணும் தங்கள் இலக்காக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். பெண்ணுக்கு அந்த இலக்கு ஆபத்தானது. பெரும்பாலான ஆண்களுக்கும் அது தேவையில்லாதது.

கொழுப்புச் சதவீதத்தைப் புரிந்துகொள்ள நான்கு கேள்விகள் போதும். யாருடைய உடல்? என்ன வயது? கொழுப்பு எங்கே இருக்கிறது? எதை வைத்து அளந்தார்கள்?

எடை வேறு, கொழுப்பின் பங்கு வேறு

உடல் எடையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கொழுப்பு. மறு பக்கம் தசை, எலும்பு, உறுப்புகள், ரத்தம், நீர் என்று மற்ற எல்லாம். இந்த மறு பக்கத்தைக் 'கொழுப்பற்ற எடை' என்பார்கள். மொத்த எடையில் கொழுப்பு எத்தனை பங்கோ அதுவே கொழுப்புச் சதவீதம். 80 கிலோ உள்ள ஒருவருக்கு 25 சதவீதம் என்றால் 20 கிலோ கொழுப்பு, 60 கிலோ கொழுப்பற்ற எடை.

எடையை மட்டும் பார்த்தால் எவ்வளவு தவறு நேரும் என்பதை அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேவும் அவருடைய சகாக்களும் 1942-லேயே காட்டிவிட்டார்கள். அவர்கள் 25 தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்களைச் சோதித்தார்கள். அன்றைய எடை அட்டவணைப்படி அவர்களில் 17 பேர் ராணுவத்துக்குத் தகுதியற்ற அளவுக்கு 'அதிக எடை' உள்ளவர்கள். நீருக்குள் அமிழ்த்தி எடை போட்டு உடலின் அடர்த்தியைக் கணக்கிட்டபோது, அந்த எடையில் பெரும்பகுதி தசை என்று தெரிந்தது.

இன்று எல்லோரும் பயன்படுத்தும் பிஎம்ஐ, அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், இதே குறையைச் சுமந்தே வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே மக்கள்தொகையின் சராசரியை ஆராயும்போது கண்ட விகிதம் அது. 1972-ல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். ஊர் முழுக்க உள்ளவர்களை மொத்தமாகப் பார்க்க அது நல்ல கருவி. ஒரு தனி மனிதரிடம் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று அது சொல்லாது. பிஎம்ஐ 22 என்று 'சரியான' இடத்தில் நிற்கும் ஒருவருக்கும் தசை குறைந்து கொழுப்பு மிகுந்திருக்கலாம். ஒல்லியான கை கால்களும் முன்தள்ளிய வயிறும் உள்ள பலர் இந்த வகை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ரத்தப் பரிசோதனையில் வரும் கொலஸ்ட்ரால் அளவு உடல் கொழுப்பின் அளவு ஆகாது. ஒல்லியானவருக்கும் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருக்கலாம். பருமனானவருக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஒன்றைப் பார்த்து மற்றொன்றை முடிவு செய்ய முடியாது.

இதுவரை: கொழுப்புச் சதவீதம் என்பது மொத்த எடையில் கொழுப்பின் பங்கு. எடையோ பிஎம்ஐயோ அந்தப் பங்கை நேரடியாகக் காட்டாது.

கொழுப்பு எதற்கு?

கொழுப்புத் திசுவை ஓர் ஏரியாக நினைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் நிரம்பும், தேவைப்படும்போது மதகு திறந்து பாசனத்துக்குப் போகும். நாம் உண்டதில் செலவானது போக மிஞ்சும் சக்தி, ட்ரைகிளிசரைடு என்ற எண்ணெய்த் துளியாகக் கொழுப்புச் செல்களுக்குள் சேர்கிறது. பசியிலோ உழைப்பிலோ அது பிரிந்து ரத்தத்தில் கலந்து தசைக்குப் போகிறது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது.

சேமிப்பு அதன் ஒரு வேலை மட்டுமே. கொழுப்புத் திசு ஹார்மோன் சுரக்கும் உறுப்பும்கூட. 1994-ல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன் 'இருப்பு இவ்வளவு இருக்கிறது' என்ற தகவலைக் கொழுப்புச் செல்லிலிருந்து மூளைக்குக் கொண்டுபோகிறது. இருப்பு மிகவும் குறைந்தால் லெப்டினும் குறையும். மூளை உடனே சிக்கனத்தில் இறங்கும். பசியைக் கூட்டும், இனப்பெருக்க ஹார்மோன்களை மட்டுப்படுத்தும்.

சரி, ஏரி நிரம்பிவிட்டால்? உபரி கலிங்கு வழியே வழியும். அதையும் மிஞ்சினால் வெள்ளம் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும். உடலிலும் அப்படித்தான். தோலுக்கு அடியில் உள்ள செல்கள் இனி கொள்ளாது என்ற நிலையில், கொழுப்பு கல்லீரல், கணையம், தசை ஆகியவற்றில் படியத் தொடங்குகிறது. அந்த உறுப்புகள் அப்போது இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை. கொழுப்புக் கல்லீரலும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் தொடங்கும் வழிகளில் இது முக்கியமானது.

இதற்கு ஓர் ஆணித்தரமான சான்று உண்டு. லிப்போடிஸ்ட்ரோஃபி என்ற அரிய நோய் உள்ளவர்களுக்குத் தோலடிக் கொழுப்பு ஏறக்குறைய இருக்காது. பார்க்கத் தசை முறுக்கேறிய உடல். ஆனால் அவர்களுக்குக் கடுமையான சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் வருகின்றன. சேமிக்க இடமே இல்லாததால் எல்லாம் உறுப்புகளில் படிகிறது. கொழுப்புத் திசு போதிய அளவில் இருப்பது உடலுக்குக் காவல் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

எங்கே இருக்கிறது என்பதே பெரிய விஷயம்

தோலுக்கும் தசைக்கும் இடையே இருப்பது தோலடிக் கொழுப்பு. விரலால் பிடித்துப் பார்க்க முடிவது இதுதான். தொடையிலும் புட்டத்திலும் இருக்கும் இந்தக் கொழுப்பு பெரும்பாலும் தீங்கற்றது.

வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றி இருப்பது உள்ளுறுப்புக் கொழுப்பு. இதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி, குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக் குழாய் வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அதனால்தான் ஒரே 26 சதவீதம் உள்ள இரண்டு ஆண்களில், வயிறு இறுகி முன்தள்ளியவருக்கு ஆபத்து கூடுதல். சதவீதம் இந்த வேறுபாட்டைக் காட்டாது. சாதாரண டேப் காட்டும்.

இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது எளிய விதி. பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2022-ல் இதையே பரிந்துரைத்தது. உயரம் 170 செ.மீ. என்றால் இடுப்பு 85 செ.மீ.க்குக் கீழ். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. என்னைக் கேட்டால், எந்த விலையுயர்ந்த மெஷினையும்விட முதலில் செய்ய வேண்டிய அளவு இதுதான்.

சுருங்கச் சொன்னால், தோலடியில் உள்ளது சேமிப்பு. வயிற்றுக்குள் மிகுவது ஆபத்து. இரண்டையும் ஒரே சதவீதத்துக்குள் அடைத்துப் பார்ப்பதில்தான் பாதிக் குழப்பம்.

பெண்ணுக்கு ஏன் கூடுதல்?

உயிர்வாழவும் உறுப்புகள் இயங்கவும் இருந்தே ஆக வேண்டிய கொழுப்பை 'அத்தியாவசியக் கொழுப்பு' என்கிறார்கள். எலும்பு மஜ்ஜை, மூளை, நரம்புகளின் உறை, உறுப்புகளைத் தாங்கும் மெத்தை எல்லாம் இதில் அடக்கம். பென்கே தந்த கணக்கில் இது ஆணுக்குச் சுமார் 3 சதவீதம், பெண்ணுக்குச் சுமார் 12 சதவீதம். மார்பகம், இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் கருவுறுதலுக்கும் பாலூட்டலுக்கும் வேண்டிய இருப்பைச் சேர்த்தே பெண்ணின் கணக்கு போடப்படுகிறது. தாய்ப்பால் கொடுக்கும் நாட்களில் தாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் செலவாகும் என்பதை நினைத்தால், இந்த இருப்பின் காரணம் புரியும்.

பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பெண்ணின் கொழுப்பைத் தொடைக்கும் புட்டத்துக்கும் அனுப்புகிறது. மாதவிடாய் முற்றாக நின்ற பிறகு அந்த ஹார்மோன் குறைவதால், எடை ஒரு கிலோகூட ஏறாமலே கொழுப்பு வயிற்றுப் பக்கம் இடம் மாறலாம். ஐம்பது வயதுக்கு மேல் புடவையோ பேன்ட்டோ இடுப்பில் மட்டும் இறுகுகிறது என்று பல பெண்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். சோம்பலோ ஒழுக்கக் குறைவோ இதற்குக் காரணமில்லை. ஆணுக்கு உரிய எண்ணை வைத்துப் பெண்ணின் உடலை மதிப்பிடுவது அநியாயம்.

இப்போது எண்கள்

எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட ஒரே அட்டவணை கிடையாது. அதிகம் பயன்படுவது, 2000-ல் டிம்ஃப்னா கல்லஹர் தலைமையிலான குழு வெளியிட்ட ஆய்வை ஒட்டி வந்த வரம்புகள். தோராயமாக அவை இப்படி:

20 முதல் 39 வயது: ஆண் 8–20 சதவீதம், பெண் 21–33 சதவீதம்.
40 முதல் 59 வயது: ஆண் 11–22, பெண் 23–34.
60 முதல் 79 வயது: ஆண் 13–25, பெண் 24–36.

வயது ஏற ஏற வரம்பும் ஏறுவதைக் கவனியுங்கள். வயதானால் தசை குறைகிறது. எடை அப்படியே இருந்தாலும் கொழுப்பின் பங்கு கூடிவிடுகிறது. 65 வயது மனிதர் 25 வயதில் தனக்கிருந்த சதவீதத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பட்டினி கிடந்தால், மிச்சமுள்ள தசையையும் இழப்பார்.

இந்த எண்கள் எப்படி வந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிஎம்ஐயின் எல்லைகளான 18.5 (இதற்குக் கீழ் எடைக் குறைவு), 25 (இதிலிருந்து அதிக எடை), 30 (இதிலிருந்து உடல் பருமன்) ஆகியவற்றில் நிற்பவர்களுக்குக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வகுத்தவை இவை. 'இந்தச் சதவீதத்தைத் தாண்டினால் நோய் வரும்' என்று ஆயிரக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து போட்ட கோடுகள் அல்ல. ஆகவே 33-க்கும் 34-க்கும் நடுவே ஒரு மதில் இருப்பதாக எண்ண வேண்டாம். ஒரே பிஎம்ஐ உள்ளவர்களிலும் ஆசியர்களுக்குக் கொழுப்பின் பங்கு சற்றுக் கூடுதலாக இருப்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் ஆசியர்களுக்குப் பிஎம்ஐ 23, 27.5 ஆகியவற்றையும் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகச் சேர்த்தது.

எதை வைத்து அளப்பது?

உயிரோடு இருப்பவரின் கொழுப்பை யாரும் நேரடியாக எடை போடுவதில்லை. எல்லா முறைகளும் வேறெதையோ அளந்து, அதிலிருந்து கொழுப்பைக் கணக்கிடுகின்றன. இதை மறந்தால் மெஷின் காட்டும் தசம புள்ளியைக்கூட வேதவாக்காக எடுத்துக்கொள்வோம்.

வீட்டிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் இருக்கும் மெஷின், உடலுக்குள் மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்புகிறது. கொழுப்பற்ற திசுவில் ஏறத்தாழ 73 சதவீதம் நீர் என்பதால் அதில் மின்சாரம் எளிதாகப் பாயும். கொழுப்பில் தடைபடும். அந்தத் தடையை அளந்து, உங்கள் உயரம், வயது, பாலினம் ஆகியவற்றோடு ஒரு சூத்திரத்தில் போட்டு எண்ணைத் தருகிறது. தவறு நுழையும் வாசலும் இதுதான். உடலில் நீர் வற்றியிருந்தால் தடை கூடி, கொழுப்பு அதிகம் என்று காட்டும். உடற்பயிற்சி முடித்த சூட்டோடு ஏறினால் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடியிருப்பதால் குறைவாகக் காட்டலாம். பாதம் வறண்டு காய்த்திருந்தால் அதுவும் எண்ணை ஏற்றும். பாதம் மட்டும் வைத்து நிற்கும் மெஷினில் மின்சாரம் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கிவிடும். வயிற்றுக்கும் கைக்கும் அது சொல்வது பெரும்பாலும் ஊகம்.

ஆகவே இந்த மெஷினைப் பயன்படுத்தினால் காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், எதுவும் உண்ணாமல் குடிக்காமல், எப்போதும் அதே மெஷினில் அளங்கள். ஒரு நாளின் எண்ணைப் பொருட்படுத்தாமல் ஒரு வாரத்தின் சராசரியைப் பாருங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதில் ஏறக்கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது.

டேப் முறைக்கு வருவோம். ஆண்களுக்குத் தொப்புள் மட்டத்தில் வயிறு, குரல்வளைக்குச் சற்றுக் கீழே கழுத்து, உயரம் ஆகிய மூன்றும் போதும். பெண்களுக்கு இடுப்பின் மிகக் குறுகிய இடமும் புட்டத்தின் மிக அகன்ற இடமும் கழுத்தும் உயரமும் வேண்டும். 1984-ல் அமெரிக்கக் கடற்படைக்காக ஹாட்ஜ்டனும் பெக்கெட்டும் உருவாக்கிய சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் சதவீதம் கிடைக்கும். இணையக் கால்குலேட்டர்கள் பல இதையே பயன்படுத்துகின்றன. 170 செ.மீ. உயரம், 90 செ.மீ. வயிறு, 38 செ.மீ. கழுத்து உள்ள ஆணுக்குச் சுமார் 21.5 சதவீதம் வரும். டேப் சற்றுத் தளர்ந்து வயிறு 92 என்று பதிவானால் விடை 22.9. இரண்டு சென்டிமீட்டர் கவனக்குறைவுக்கு ஒன்றரைப் புள்ளி மாறுகிறது.

அதனால் டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் தொங்குகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இயல்பாக மூச்சை விட்டு, விட்ட நிலையில் படியுங்கள். வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது. தோலை அழுத்தவும் கூடாது. இரண்டு முறை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை அளங்கள்.

காலிப்பர் என்ற இடுக்கியால் தோல்மடிப்பின் தடிமனை அளப்பவர்கள் உண்டு. பழகிய கை என்றால் பயனுள்ள முறைதான். ஆனால் உள்ளுறுப்புக் கொழுப்பு அதற்கு எட்டாது.

டெக்ஸா ஸ்கேன் இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களை அனுப்பி எலும்பு, கொழுப்பு, மற்ற திசு மூன்றையும் பிரித்துக் காட்டும். கதிர்வீச்சு மிகக் குறைவு. மற்ற முறைகளைவிட நம்பகமானது, எந்தப் பகுதியில் எவ்வளவு என்றும் சொல்லும். அதிலும் வேறு கம்பெனி மெஷினில் எடுத்தால் எண் மாறும். பெரும்பாலானவர்களுக்கு இது தேவையில்லை.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது: ஒரு முறையில் வந்த 24-ஐயும் இன்னொரு முறையில் வந்த 27-ஐயும் ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரே முறை, ஒரே நேரம், ஒரே கை.

மிகக் குறைந்தாலும் கெடுதல்

இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. உண்ணும் சக்தி, உடற்பயிற்சியில் செலவாவது போக, உடலின் அன்றாட வேலைக்குப் போதாமல் போனால், உடல் ஒவ்வொரு துறையாக மூடத் தொடங்கும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு மெலியும். இளம் ஓட்டக்காரிகளுக்கு வரும் எலும்பு முறிவுகளுக்கு இது அறியப்பட்ட காரணம். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்து பாலுணர்வு மங்கும். 1944–45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனையில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் தங்கள் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். எப்போதும் குளிர், நாடித்துடிப்பு மந்தம், உணவைத் தவிர வேறு நினைவில்லாத மனம், சோர்வு என்று அவர்கள் பட்ட பாடு பதிவாகியிருக்கிறது.

போட்டிக்குத் தயாராகும் உடற்கட்டு வீரர்கள் மேடையேறும் நாளில் காட்டும் உடல் சில நாட்களுக்கானது. ஆண்டு முழுக்க அவர்களே அப்படி இருப்பதில்லை. மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் வராமல் போனால், 'பயிற்சி நன்றாக நடக்கிறது' என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

குறைக்க வேண்டும் என்றால் எந்தக் கணக்கு?

எடை குறைந்தால் கொழுப்புதான் குறைந்தது என்று நம்புவது பொதுவான பிழை. தசையில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவைத் திடீரென்று குறைத்த முதல் வாரத்தில் காணாமல் போகும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி அந்த நீர். வியர்த்து இறங்கும் எடையும் ஒரு செம்பு தண்ணீரில் திரும்பிவிடும். கொழுப்பு உண்மையில் எரியும்போது அதில் பெரும்பங்கு கரியமில வாயுவாக மூச்சில்தான் வெளியேறுகிறது. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் நடக்காத காரியம். எந்த இடத்திலிருந்து முதலில் எடுப்பது என்பதை உடலே தீர்மானிக்கிறது.

80 கிலோ, 25 சதவீதம் உள்ளவரை மறுபடி எடுத்துக்கொள்வோம். அவர் 8 கிலோ குறைத்தார். முழுதும் கொழுப்பு என்றால் இப்போது 72 கிலோவில் 12 கிலோ கொழுப்பு, அதாவது 16.7 சதவீதம். பாதி கொழுப்பும் பாதி தசையும் என்றால் 72-ல் 16, அதாவது 22.2 சதவீதம். எடை மெஷினில் இருவரும் ஒன்றுதான். ஒருவர் கொழுப்பை மட்டும் இழந்தார், மற்றவர் நான்கு கிலோ தசையையும் சேர்த்து இழந்தார்.

தசையைக் காக்க மூன்று விஷயங்கள் உதவும். வாரத்துக்கு எடையில் அரை முதல் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைக்காமல் இருப்பது. வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி அல்லது தண்டால், உட்கார்ந்து எழுந்திருத்தல் போன்றவை. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே கூட்ட வேண்டும்.

இலக்கு எடையைக் கண்டுபிடிக்கக் கொழுப்பற்ற எடையை, வேண்டிய சதவீதம் போக மீதியால் வகுக்க வேண்டும். மேற்சொன்னவருக்கு 20 சதவீதம் வேண்டும் என்றால் 60-ஐ 0.80-ஆல் வகுத்தால் 75 கிலோ. தசை இழக்காமல் ஐந்து கிலோ கொழுப்பு குறைந்தால் போதும்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை எடை, இடுப்புச் சுற்றளவு, தூக்க முடிகிற எடை மூன்றையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். எடை அப்படியே நிற்க, இடுப்பு 3 செ.மீ. இறங்கியிருந்தால் கொழுப்பு போய்த் தசை வந்திருக்கிறது. எதையும் மாற்ற வேண்டாம். எடை இறங்கி, இடுப்பு அசையாமல், தூக்கும் வலுவும் குறைந்திருந்தால் போவது தசை. உணவைச் சற்றுக் கூட்டி, புரதத்தையும் எடைப் பயிற்சியையும் சரிபார்த்துவிட்டு, அடுத்த நான்கு வாரத்துக்குப் பிறகு அளங்கள்.